வீடு திரும்பியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு படைவீரரின் வாழ்க்கையை நினைவுகூர்ந்து பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. குன்னூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து, 2008ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் 94 வயதில் கண்மூடிய ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1971 போரின்போது இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி அவர். பங்களாதேஷ் என்ற நாடு பிறந்ததே அந்தப் போரில்தான். இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆகவே போர் வியூகத்துக்குள் நான் அதிகம் போகப்போவதில்லை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அங்கே யாரோ ஒருவர் வாசலைப் பார்த்தபடி காத்திருக்கிறார் என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் இருந்தது. அதைப் பற்றித்தான் பேச ஆசை. எங்கள் வீடும் அப்படிக் காத்திருந்த வீடுதான்.

என் அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர். 1971 டிசம்பரில் எனக்கு எட்டு வயது. வெலிங்டன் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் அம்மா, நான், தம்பி மூன்று பேரும் இருந்தோம். அப்பா கிழக்கு எல்லையில். எங்கே என்று சரியாகத் தெரியாது. அவருடைய விலாசம் எங்களுக்கு ராணுவத் தபால் நிலையத்தின் வெறும் எண்தான்: 99 ஏ.பி.ஓ. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறதா, ஆறு இருக்கிறதா, கூடாரம் இருக்கிறதா என்று கடிதத்தில் எழுத அவருக்கு அனுமதி கிடையாது. ‘நான் நலம், நீங்கள் நலமா, பெரியவன் கணக்குப் போடுகிறானா’ என்றுதான் இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருப்பார்.

போர் தொடங்கியதும் கடிதம் நின்றுபோனது. பக்கத்து வீட்டில் ரேடியோ இருந்தது. காலையிலும் மாலையிலும் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும் நேரத்துக்கு அம்மா அங்கே போய்விடுவார். உள்ளே போய் உட்காரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு கேட்பார். தம்பி இடுப்பில் இருப்பான். ஊர்ப்பெயர்கள் வரும்போது அம்மாவின் உதடு அசையும். ஜெஸ்ஸூர், சில்ஹெட், டாக்கா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப்பார்ப்பார். அவர் அதுவரை கேள்விப்படாத ஊர்கள். அதில் ஏதோ ஒன்றில் அப்பா இருக்கிறார்.

அந்த நாட்களில்தான் மானெக்‌ஷா என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது. அப்புறம் அந்தப் பெயரை நான் விடவே இல்லை. அவரைப் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன்.

சரி, அவர் கதைக்கு வருவோம்.

அவருடைய முழுப்பெயர் சாம் ஹோர்முஸ்ஜி ஃபிராம்ஜி ஜாம்ஷெட்ஜி மானெக்‌ஷா. பார்சி குடும்பம். அப்பா ஹோர்முஸ்ஜி மருத்துவர். பம்பாயிலிருந்து லாகூரில் பிழைக்கலாம் என்று மனைவியோடு ரயில் ஏறியவர். மனைவி ஹில்லா அப்போது நிறைமாத கர்ப்பிணி. அமிர்தசரஸ் வந்ததும், இனி என்னால் ஒரு அடி நகர முடியாது என்று சொல்லிவிட்டார். அங்கேயே இறங்கினார்கள். ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வீட்டில் 1914 ஏப்ரல் 3ஆம் தேதி ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர் சாம்.

அப்பாவைப் போல மருத்துவராக வேண்டும் என்பதுதான் பையனின் ஆசை. நன்றாகப் படித்தால் லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். பையன் நன்றாகவே படித்தான். ஆனால் நேரம் வந்தபோது, இந்த வயதில் தனியாக அங்கே போய் இருக்கவேண்டாம் என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் சாம் ராணுவ அகாதமியின் நுழைவுத் தேர்வை எழுதினார். 1932 அக்டோபரில் டேராடூனில் இந்திய ராணுவ அகாதமி தொடங்கியபோது அதன் முதல் அணியில் நாற்பது பேர். அவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில் மூன்று நாடுகளின் தரைப்படைத் தலைவர்கள் ஆனார்கள். பர்மாவுக்கு ஸ்மித் டன், பாகிஸ்தானுக்கு முகம்மது மூசா, இந்தியாவுக்கு மானெக்‌ஷா.

அப்பா மேல் வந்த கோபம் ஒரு நாட்டுக்குத் தளபதியைத் தந்திருக்கிறது. ஆனால் அதே அப்பாவும் முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணிசெய்தவர்தான். மகனைத் தொலைவில் அனுப்ப மனம் வராதவர், பின்னாளில் அதே மகன் குண்டடிபட்டுக் கிடக்கிறான் என்ற செய்தியைக் கேட்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன். 1937இல் லாகூரில் ஒரு விருந்தில் சில்லூ போடே என்ற பெண்ணைச் சாம் சந்தித்தார். பம்பாய்க்காரர். ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தவர், படம் வரைபவர். 1939 ஏப்ரல் 22ஆம் தேதி இருவருக்கும் பம்பாயில் திருமணம். 1940 ஜனவரியில் மூத்த மகள் ஷெர்ரி பிறந்தாள். உலகப் போர் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

1942 பிப்ரவரி 22. பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலம். ஜப்பானியர் முன்னேறி வருகிறார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் பகோடா குன்று என்று ஒரு மேடு. அதைக் கைப்பற்ற ஒரு கம்பெனியை நடத்திக்கொண்டு போனவர் இருபத்தேழு வயது சாம். குன்றைப் பிடித்தார்கள். அந்தக் கணத்தில் இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் வரிசையாக அவர் வயிற்றில் பாய்ந்தன. ஏழு குண்டுகள். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எதுவும் தப்பவில்லை.

இனி பிழைக்கமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டேவிட் கோவன் என்ற பிரிட்டிஷ் தளபதி அங்கே வந்து பார்த்தார். இறந்தவர்களுக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. அதனால் தன் சட்டையிலிருந்த பதக்கத்தின் நாடாவைக் கழற்றி, உயிர் இருக்கும்போதே சாமின் மார்பில் குத்திவிட்டார்.

தளபதி செய்தது பெரிய மனசு. ஆனால் அவரைப் பிழைக்க வைத்தவர் இன்னொருவர். அவருடைய ஆர்டர்லி, அதாவது உதவியாள் சிப்பாய், ஷேர் சிங். அடிபட்ட அதிகாரியை அந்தக் களத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டு, இவரைத் தொட்டுப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காயம் பட்டவர்கள் வரிசையாகக் கிடக்கும்போது, பிழைக்கக்கூடியவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஷேர் சிங் விடவில்லை. நீங்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றார். அதற்குள் சாமுக்கு லேசாக நினைவு திரும்பியது. என்ன ஆச்சு என்று மருத்துவர் கேட்டார். “கோவேறு கழுதை உதைத்துவிட்டது” என்றார் சாம். இந்த நிலைமையில் இப்படிப் பேசுகிறவன் பிழைக்கத் தகுந்தவன் என்று மருத்துவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கத்தியை எடுத்தார். குண்டுகளை எடுத்து, குடலில் பெரும்பகுதியை வெட்டி நீக்கினார்.

கழுதை கதையை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு ஷேர் சிங்கைத்தான் நினைக்கத் தோன்றும். அன்றைக்கு அவர் சரி என்று திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஷெர்ரி. அவளுக்கு அப்பாவின் முகம்கூட நினைவில் நின்றிருக்காது. 1945இல் பிறந்த இரண்டாவது மகள் மாயா பிறந்தே இருக்கமாட்டாள். ஒரு சிப்பாயின் பிடிவாதத்தால் வீட்டுக்குத் திரும்பி வந்த அப்பா அவர். இதை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை என்று நான் நம்புகிறேன். பிற்பாடு அவர் எடுத்த முடிவுகளைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

1947இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. அவர் வளர்ந்த ஃபிரண்டியர் ஃபோர்ஸ் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. கூடவே இருந்த நண்பர்கள் எதிர்ப்பக்கம் ஆனார்கள். அவர்களில் ஒருவர் யாஹ்யா கான். சாமின் மோட்டார் சைக்கிளை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, பணத்தை அங்கே போய் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர், அனுப்பவே இல்லை. 1971இல் பாகிஸ்தானின் ஜனாதிபதியே அவர்தான். வண்டிக்குப் பணம் தரவில்லை, பாதி நாட்டைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று மானெக்‌ஷா பின்னாளில் சொல்வாராம்.

பிரிவினைக்குப் பிறகு அவர் எட்டாம் கூர்க்கா ரைபிள்ஸுக்கு உரியவர் ஆனார். ‘சாம் பகதூர்’ என்ற பெயர் அவர்களிடமிருந்து வந்ததுதான். தலைமைத் தளபதி ஆன பிறகு கூர்க்காக்களைப் பார்க்கப் போனவர், ஒரு சிப்பாயிடம் என் பெயர் தெரியுமா என்று கேட்டார். அந்தப் பையன் தயங்காமல் “சாம் பகதூர்” என்றான். பார்சிக்காரருக்குத் தங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். சாவுக்குப் பயமில்லை என்று ஒருவன் சொன்னால் அவன் பொய் சொல்கிறான், இல்லாவிட்டால் அவன் கூர்க்கா என்று அவர் சொன்னதும் இதோடு சேர்ந்து பேர்பெற்றது.

நம் மலைக்கு அவர் முதலில் உத்தியோகமாக வந்தது 1959 வாக்கில். வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். ஸ்டாஃப் காலேஜ் என்று சொன்னால்தான் நம் ஊரில் தெரியும். என் அப்பா அப்போது பேரக்ஸில் ரெக்ரூட். மதராஸ் ரெஜிமெண்டின் மையமும் வெலிங்டனில்தானே இருக்கிறது. சாலையில் கார் போகும்போது ஒருமுறை பார்த்திருக்கிறாராம். தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருப்பார், மீசை பெரிசு என்று சொல்வார். அவ்வளவுதான் பார்த்தது. அதை ஐம்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெலிங்டன் காலத்தில் மானெக்‌ஷாவுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. மனதில் பட்டதை நேருக்கு நேர் பேசிவிடுகிறவர். மேலிடத்தில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. தேசப்பற்று இல்லாதவர் என்று ஒரு குற்றச்சாட்டு. பிரிட்டிஷ் காலத்துத் தளபதிகளின் படங்களை அலுவலகத்தில் மாட்டி வைத்திருக்கிறார் என்பதும் அதில் ஒன்று. விசாரணை நடந்தது. உடம்பில் ஏழு குண்டு வாங்கியவரைத் தேசத்துரோகி என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த வீட்டில் சில்லூவும் மகள்களும் எப்படி அந்த மாதங்களைக் கழித்திருப்பார்கள்? சீருடைக்காரருக்கு ஒரு அவமானம் வந்தால் அது வீட்டு அடுப்படி வரைக்கும் வரும். ராணுவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விசாரணையில் குற்றமற்றவர் என்று முடிவானது. 1962இல் சீனாவுடன் நடந்த போரில் நம் படை பின்வாங்கி வந்தபோது, நிலைமையைத் தூக்கி நிறுத்த அவரைத்தான் தேஸ்பூருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நான்காவது கோர் என்ற பெரும் படைப்பிரிவின் தளபதியாக. போய் இறங்கியதும் அவர் சொன்னது இதுதான்: எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு ஒருநாளும் வராது. தளர்ந்துபோயிருந்த படை நிமிர்ந்து உட்கார்ந்தது.

1969 ஜூன் 8ஆம் தேதி தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார்.

இனி 1971. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் டெல்லியில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். பிரதமர் இந்திரா காந்திக்குப் பெரும் நெருக்கடி. அமைச்சரவைக் கூட்டத்தில் மானெக்‌ஷாவிடம், உடனே படையை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எதிர்பார்த்த பதில் எதுவென்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

முடியாது என்றார் அவர்.

காரணங்களையும் சொன்னார். இன்னும் சில வாரங்களில் பருவமழை. மழை பிடித்துக்கொண்டால் அங்கே ஆறுகள் கடல் மாதிரி ஆகிவிடும், படை சாலையை விட்டு இறங்க முடியாது. இமயமலைக் கணவாய்கள் திறந்திருக்கும் காலம் இது, சீனா உள்ளே வரலாம். பனிக்காலம் என்றால் அவை மூடியிருக்கும். பஞ்சாபில் அறுவடை நேரம். படையை நகர்த்த ரயிலையும் சாலையையும் நான் எடுத்துக்கொண்டால் தானியம் போய்ச் சேராது. டாங்குகளில் ஓடும் நிலையில் இருப்பவை சிலதான். இப்போது போனால் தோல்வி நிச்சயம்.

பிரதமரின் முகம் சிவந்துவிட்டதாம். மற்றவர்கள் வெளியேறிய பிறகு, உடல்நிலை காரணமாகவோ மனநிலை காரணமாகவோ என்று எழுதி ராஜினாமா கொடுத்துவிடட்டுமா என்று மானெக்‌ஷாவே கேட்டிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் இளம் அதிகாரிகள் முன் அவர் இதை விரிவாகச் சொன்னார். எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறவன் ஆபத்தானவன் என்று அதே உரையில் எச்சரித்தார். இந்திரா காந்தியையும் இங்கே பாராட்ட வேண்டும். கோபத்தை அடக்கிக்கொண்டு, தளபதி கேட்ட அவகாசத்தைக் கொடுத்தார்.

அந்த அவகாசத்தின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஏப்ரலில் போர் தொடங்கியிருந்தால் என் அப்பா மழையிலும் சேற்றிலும் போயிருப்பார். வேண்டிய ஆயுதம் இருந்திருக்காது. தன் பதவி போனாலும் பரவாயில்லை என்று ஒருவர் அந்த அறையில் ‘முடியாது’ என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் எத்தனை அம்மாக்கள் தாலியோடு இருந்தார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

டிசம்பர் 3ஆம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லையில் நம் விமானத் தளங்களைத் தாக்கின. முழுப் போர் தொடங்கியது.

இந்த இடத்தில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. போர் நடக்கும்போதே மானெக்‌ஷா எதிரிப் படைவீரர்களிடம் வானொலி வழியாகப் பேசினார். விமானத்திலிருந்து துண்டுத்தாள்களும் போடப்பட்டன. நீங்கள் சூழப்பட்டுவிட்டீர்கள், தப்பிக்க வழி இல்லை, ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்றார். அப்படி வைத்தால் ஜெனீவா ஒப்பந்தத்தின்படி படைவீரனுக்குரிய கண்ணியத்தோடு நடத்துவோம், காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்வோம், இறந்தவர்களை முறைப்படி அடக்கம் செய்வோம் என்று உறுதி கொடுத்தார். போரின் நடுவில் எதிரியைப் பார்த்து, உன் வீட்டுக்கு நீ உயிரோடு போகலாம் என்று சொன்ன தளபதி!

என் அம்மா இந்தச் செய்தியைத் தமிழில் கேட்டார். வீட்டுக்கு வந்து, “அவங்க பிள்ளைகளையும் கொல்லாம விடறேன்னு சொல்லியிருக்காருடா” என்று என்னிடம் சொன்னார். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. எதிரியை ஏன் விடவேண்டும் என்றுகூடக் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தது. அதை ஏற்றுக்கொள்ள மானெக்‌ஷாவே போகலாம் என்று பிரதமர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை கிழக்குப் படையின் தளபதி அரோராவுக்கு உரியது என்று இவர் ஒதுங்கிக்கொண்டார். சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்து நடக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் மானெக்‌ஷாவைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

போர்க்கைதிகளாக வந்தவர்கள் சுமார் 93,000 பேர். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினாரா என்பதற்கு அவரே சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது. போருக்குப் பிறகு எல்லைக்கோடு பற்றிப் பேச அவர் லாகூர் போனார். எந்த லாகூர்? முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் சில்லூவைச் சந்தித்த அதே லாகூர். அங்கே ஆளுநர் விருந்துக்கு அழைத்திருந்தார். விருந்து முடிந்ததும், எங்கள் பணியாட்கள் உங்களைப் பார்க்க விரும்புகிறார்கள் என்றார் ஆளுநர். வெளியே வரிசையாக நின்றிருந்தார்கள். இவர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டே வந்தார். ஒருவர் தன் தலைப்பாகையைக் கழற்றி இவர் காலடியில் வைத்துவிட்டார். என்ன இது என்று பதறிக் கேட்டபோது அந்த மனிதர் சொன்னாராம்: என் ஐந்து பையன்களும் உங்களிடம் கைதிகள். கடிதம் போடுகிறார்கள். அவர்களுக்குக் கட்டில் கொடுத்திருக்கிறீர்கள், உங்கள் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்களாம். குர்ஆன் கொடுத்திருக்கிறீர்களாம்.

பஞ்சாப் பக்கத்தில் தலைப்பாகை என்பது மானம். அதைத் தரையில் வைப்பது எவ்வளவு பெரிய செயல் என்பது அமிர்தசரஸில் பிறந்து பஞ்சாபி பேசி வளர்ந்த மானெக்‌ஷாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஐந்து பிள்ளைகளின் அப்பா. இந்தப் பக்கம் இரண்டு பெண்களின் அப்பா. பிற்பாடு கைதிகள் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். அந்த ஐந்து பேரும் போய்ச் சேர்ந்த நாளில் அந்த வீட்டு வாசலில் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்கள் அப்பா வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது அல்லவா, அதை வைத்து.

அப்பா வந்தது ஒரு மத்தியான நேரம். கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறி வந்தார். இளைத்துப் போயிருந்தார். தம்பி அவரை அடையாளம் தெரியாமல் அழுதான். அம்மா பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, “வெந்நீர் போடறேன், குளிங்க” என்றார். இத்தனை நாள் சுவரோரம் நின்று செய்தி கேட்டவர் வேறு எதுவும் பேசவில்லை. அடுப்பு ஊதும் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

1973 ஜனவரியில் மானெக்‌ஷாவுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கொடுத்தார்கள். இந்தியாவில் அந்தப் பதவியைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அதே மாதம் 15ஆம் தேதி பணி ஓய்வு. டெல்லியிலோ பம்பாயிலோ இருந்திருக்கலாம். சில்லூவோடு குன்னூருக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு ‘ஸ்டாவ்கா’ என்று பெயர். ருஷ்ய ராணுவத் தலைமையகத்தை அப்படித்தான் சொல்வார்கள். பெயர்தான் ராணுவம், மற்றபடி அது தோட்டமும் பூவும் பேரப்பிள்ளைகளும் வந்துபோகிற வீடு. அவருடைய குறட்டை பேர்போனது. அதனால் சில்லூ தனி அறையில் படுத்துக்கொள்வாராம். நாட்டுக்கே தளபதியாக இருந்தாலும் வீட்டில் இதெல்லாம் நடக்கும்தானே. கொஞ்ச காலம் சில நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் இருந்தார். ஸ்டாஃப் காலேஜில் கூப்பிட்டால் போய்ப் பேசுவார். குன்னூர்க்காரர்கள் அவரை எங்கள் ஊர்க்காரர் என்றுதான் சொன்னார்கள்.

ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பது கிடையாது, ஆயுள் முழுக்கப் பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. ஆனாலும் அந்தப் பதவிக்குரிய சம்பளம் அவருக்குப் பல ஆண்டுகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டன் வந்தபோது மருத்துவமனையில் இருந்த அவரைப் போய்ப் பார்த்தார். அதன் பிறகு, 2007இல், நிலுவைத் தொகை ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் காசோலையாக வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு 93 வயது. அந்தப் பணத்தைச் சேர்ந்து செலவழிக்கச் சில்லூ இல்லை. 2001 பிப்ரவரி 13ஆம் தேதி அவர் போய்விட்டார். அறுபத்திரண்டு வருஷத் திருமண வாழ்க்கைக்குச் சில வாரங்களே பாக்கி. ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் சில்லூவை அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் இவர் தனியாக இருந்தார்.

கடைசியாக அவர் சொன்ன வார்த்தை “நான் நன்றாக இருக்கிறேன்” என்பதுதான் என்று செய்தி வந்தது. எனக்குச் சிட்டாங் ஆற்றங்கரையில் அந்த மருத்துவரிடம் சொன்ன பதில்தான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருப்பவர் பயப்படக் கூடாது என்ற அதே எண்ணம்.

இறுதிச் சடங்குக்கு நாட்டின் உயர்ந்த பதவிகளில் இருந்தவர்கள் பலர் வரவில்லை. அது பற்றி அப்போது நிறையப் பேசினார்கள், எழுதினார்கள். எனக்கும் அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 16இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். ஊட்டி–குன்னூர் சாலையில் ஒரு பாலத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள், பக்கத்தில் கருங்கல்லில் சிலை இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் பேருந்தின் இடதுபக்கம் வலதுபக்கம் என்று பார்க்காமல் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்றைக்கு, அந்த ஜூன் 27ஆம் தேதி, என் அப்பா காலையிலேயே எழுந்துவிட்டார். பெட்டியிலிருந்து பதக்கங்களை எடுத்து, பழைய துணியில் பிராஸோ தொட்டுத் தொட்டுத் துடைத்தார். கை நடுக்கம் இருந்த நேரம் அது. கோட்டில் குத்த முடியவில்லை. அம்மா வாங்கிக் குத்திவிட்டார். மூன்று பேருமாக ஊட்டிச் சாலையில் போய் நின்றோம். நிறையப் பேர் நின்றார்கள். அப்பா மாதிரி கோட்டுப் போட்ட கிழவர்கள், தோட்ட வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்கள், சீருடையோடு பள்ளிப் பிள்ளைகள்.

மூவண்ணக் கொடி போர்த்திய பெட்டியோடு ராணுவ வண்டி மெதுவாக வந்தது. அப்பா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை கையை இறக்கவில்லை. கை நடுங்கவும் இல்லை.

அப்புறம் கோலை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டார்.

“அந்தம்மா பக்கத்துலதானே வைக்கிறாங்க?”

“ஆமாம்ப்பா. ஊட்டியில, அவங்க பக்கத்துலதான்.”

“சரி” என்றார். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். “வா, வீட்டுக்குப் போலாம்.”